ஆறானதும் திறந்த உலை

வீட்டில் எல்லோரும் அவளைக் ‘குடுக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரக்குடுக்கை என்று முழுசாகச் சொல்ல அவர்களுக்கும் அவசரம்!

அம்மா ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்ப்பவள். பொடிகளை உலையில் உருக்கி, மணிக்கு ஒரு டிகிரியாக ஒரு மாதம் சூட்டைக் குறைத்து, பிறகு உலையை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், நகத்தளவு கறுப்புப் படிகம் கிடைக்கும். அதற்குள்ளே கோடிக்கணக்கில் குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. எவ்வளவு குளிரவைத்தாலும் அவை ஒரே பக்கம் பார்த்து நிற்காதாம். அது ஏன் என்று பார்க்கும் பெரிய குளிர் எந்திரத்தில் அடுத்த வாரம் அம்மாவின் முறை. அதற்காக ஒரு வருஷம் காத்திருந்தாள்.

உலையை அணைத்த அன்று பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். தொண்டையும் கட்டிவிட்டது.

“உலை மாமாவுக்கு போன் பண்ணி, ஆறினதும் திறக்கச் சொல்லு” என்று கரகரத்தாள். ஆய்வுக்கூடத்தில் உலையைப் பார்த்துக்கொள்பவர்தான் உலை மாமா.

போனை எடுத்த குடுக்கையின் கண் டிவியில் இருந்தது.

“மாமா, ஆறானதும் திறக்கணுமாம்.”

“ஆறு மணிக்கா? இன்னும் சூடா இருக்குமே! நல்லாக் கேட்டியா?”

“எனக்கென்ன காது செவிடா? ஆறுதான்!”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காய்ச்சல் விட்டதும் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிய அம்மாவோடு குடுக்கையும் போனாள். சூட்டோடு திறந்ததில் படிகம் வெடித்து, தட்டில் சில்லுசில்லாகக் கிடந்தது.

“ஆறினதும்னுதானே சொன்னேன்!” என்றாள் அம்மா.

உலை மாமாவுக்குப் புரிந்துவிட்டது. குடுக்கையை ஒரு பார்வை பார்த்தார்.

“என் தப்புதாம்மா” என்றார்.

“இனிமே உலைப் பக்கமே வராதீங்க!” என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார் அங்கே நின்ற ஆய்வுக்கூடத் தலைவர்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குடுக்கை தலைவர் முன்னால் போய் நின்றாள்.

“மாமா மேல தப்பில்ல. நல்லாக் கேட்டியான்னு கேட்டார். நான்தான் ஆறு மணின்னு அடிச்சுச் சொன்னேன்.”

“சரி, உலையை நீங்களே பாத்துக்குங்க” என்று மாமாவிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார் தலைவர்.

அம்மா சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னைத் திட்டும்மா.”

“திட்டினா ஒட்டிக்குமா?”

அதற்கு அவள் திட்டியே இருக்கலாம். குடுக்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உலை மாமா ஒரு காகிதத்தை நீட்டினார். “பாப்பா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எந்தப் பொடி எவ்வளவுன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வா.”

“நானா மாமா?”

“நீதான்.”

அம்மா சொல்லச் சொல்லக் குடுக்கை எழுதினாள். எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. “ம்” என்று மட்டும் சொன்னாள்.