பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு குரல்

“போன ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங்கை எல்லார் முன்னாடியும் போடுங்க சார்” என்றாள் பாமா.

அதைமட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். பெரிய மனிதர்களிடம் ஆதாரம் கேட்கக்கூடாதாம். வீட்டின் முதல் பட்டதாரி அடக்கமாக இருக்க வேண்டுமாம். அடக்கமாக இருந்ததற்குத்தான் திருடி என்று பெயர் கிடைத்திருந்தது.

அல்சூரில் ஒரு கடையின் மாடியில் இருந்தது அந்த ஹாம் ரேடியோ சங்கம். வெள்ளத்தில் கைபேசிகள் செத்தாலும் இவர்களுடைய ரேடியோ பேசும். யார் யார் தொடர்பில் இருக்கிறார்கள் என்று பார்க்க ஞாயிறு காலைதோறும் ரேடியோவிலேயே ‘நெட்’ என்ற வருகைப்பதிவு நடக்கும்; அதை ரெக்கார்டும் செய்வார்கள். தலைவர் அச்யுத் விவேக் நகர் வீட்டிலிருந்து ஒவ்வொருவராக அழைப்பார். அவரவர் இருக்கும் இடத்தைச் சொல்லிப் பதில் தருவார்கள்.

போன ஞாயிறு நெட்டை முடித்துக்கொண்டு அச்யுத் சங்கத்துக்கு வந்தபோது, மீட்புப் பணிக்காக வாங்கிய புது ரேடியோ செட்டைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. அச்யுத்தைத் தவிரச் சாவி வைத்திருந்தவர்கள் பாமாவும் செயலாளர் சிவசங்கரனும். கீழ்க் கதவைக் காவலாளி திறந்துவிட்டு டீ குடிக்கப் போனதே நெட் தொடங்கும் நேரத்தில்தான். சிவசங்கரன் தொலைவிலிருக்கும் பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து பேசியதை எல்லாரும் கேட்டார்கள். பாமாவின் குரலை யாரும் கேட்கவில்லை.

நாளைக்குள் செட் வராவிட்டால் போலீசில் புகார் என்றார்கள். புகார் போனால், பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குக் கிடைத்திருந்த ஆபரேட்டர் வேலை போகும். அந்த வேலைக்கு அடுத்து நின்றவன் சிவசங்கரனின் அக்கா மகன் உமேஷ்.

அதனால்தான் பாமா ஜூடித்தைக் கூட்டி வந்திருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறியும் ஜூடித் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து உதவியாளன் ஆண்ட்ரூ பேசுவான்.

“நெட்டுக்கே வராதவ, வந்தவனைக் கேள்வி கேக்கிறா!” என்று சீறினார் சிவசங்கரன்.

“பஸ்ல தொங்கிட்டிருந்தேன் சார். எங்கப்பா கார் வாங்கித் தரலை.”

ஜூடித் குறுக்கிட்டார். “சார், உங்க வீட்ல எத்தனை ரேடியோ இருக்கு?”

“இதோ, கையில இருக்கிறது ஒண்ணுதான். இதுக்கே வீட்டம்மா திட்றா.”

அச்யுத் லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டார். சிவசங்கரன் குரல் எழுந்ததுமே காதைக் கிழிக்கும் கிறீச்சொலி. ‘திரும்பச் சொல்லுங்க’ என்றது அச்யுத்தின் குரல். இரண்டாம் முறை சுத்தமாகக் கேட்டது: ‘பொம்மனஹள்ளி, வீட்டிலிருந்து.’

“எங்க ஏரியா சிக்னல் அப்படி” என்றார் சிவசங்கரன்.

“அச்யுத் சார், நீங்க வந்தப்ப இந்த அறையில வேற ஏதாவது மாறியிருந்துச்சா?” என்று கேட்டார் ஜூடித்.

“மேஜை மேல இருக்கிற இந்தப் பெரிய ரேடியோ ஊமையா இருந்துச்சு. ஆபத்துல யாராவது கூப்பிட்டா கேக்கணும்னு இதை நாங்க அணைக்கவும் மாட்டோம், சத்தத்தைக் குறைக்கவும் மாட்டோம். அன்னைக்கு யாரோ வால்யூமை முழுசா குறைச்சிருந்தாங்க.”

“திருட வந்தவளுக்குச் சத்தம்னா பயம்!”

“அது கரெக்ட்தானே மேடம்?” என்றான் ஆண்ட்ரூ.

“பயந்தவங்க ஆஃப் பண்ணிட்டுப் போவாங்க. அணைக்கக் கை வராம, சத்தத்தை மட்டும் குறைச்சது சங்கத்து ஆள். பாமாவும் சங்கத்து ஆள்தான். அதனால யாருங்கிறதை விடு, ஏன் குறைச்சாங்க? அச்யுத் சார், சாரோட செட்டை வாங்கி இந்த ரேடியோ பக்கத்துல நின்னு பேசுங்க.”

அச்யுத் வாயைத் திறந்ததும் அதே கிறீச்சொலி. ஆண்ட்ரூ பெரிய ரேடியோவின் வால்யூமைக் குறைத்தான். நின்றுவிட்டது.

“நீங்க பேசுறது மலைமேல இருக்கிற ரிப்பீட்டர் கருவிக்குப் போய், அங்கிருந்து எல்லா ரேடியோவுக்கும் திரும்பி வருது. எங்கிருந்து பேசினாலும் ஒரே மாதிரிதான் கேக்கும். ஆனா பக்கத்துல இன்னொரு ரேடியோ சத்தமா ஓடினா, திரும்பி வர்ற குரலை மைக் மறுபடி பிடிச்சுக் கத்தும். ஒரே ஒரு ரேடியோ இருக்கிற வீட்ல எது கத்துச்சு சார்?”

“வீட்டம்மாவா இருக்கும்” என்றான் ஆண்ட்ரூ.

ஜூடித் சிவசங்கரன் பக்கம் திரும்பினார்.

“கதவு திறந்ததும் மேல வந்தீங்க. பேரைக் கூப்பிடுறப்ப பதில் இல்லேன்னா சந்தேகம் வரும்; இங்கேயே நின்னு சொன்னீங்க. கத்தினதும் பதறி வால்யூமைக் குறைச்சீங்க. போற அவசரத்துல ஏத்தி வைக்க மறந்துட்டீங்க.”

சிவசங்கரன் நாற்காலியில் சரிந்தார். “விக்கலை. கார் டிக்கியிலதான் இருக்கு. உமேஷ் எத்தனை வருஷமா சும்மா உக்காந்திருக்கான்... இவளுக்கு என்ன, வேற வேலை கிடைச்சிரும்.”

அச்யுத் தொண்டையைச் செருமினார். “பொருள் கிடைச்சிருச்சு. வேலையும் உனக்குத்தான். சும்னே, சும்மா எதுக்கும்மா கலாட்டா? சார் சாரி சொல்லிடுவார், நமக்குள்ள முடிச்சுக்கலாம்.”

“என்னைத் திருடின்னப்ப ‘நமக்குள்ள’ங்கிற வார்த்தை உங்களுக்கு வரலையே சார். ஆண்ட்ரூ, அந்த ரெக்கார்டிங்கை என் ஃபோனுக்கு அனுப்புங்க.”

அது வந்து சேர்ந்ததும் பாமா செருப்பை மாட்டினாள்.

“ஆட்டோ சொல்லவா?” என்றார் ஜூடித்.

“வேணாம் மேடம். போலீஸ் ஸ்டேஷன் நடக்கிற தூரந்தான்.”

“பாமா, ஒரு நிமிஷம்!” என்று அச்யுத் எழுந்தபோது அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.