பதின்மூன்று வாட்

வீட்டில் எல்லாமே அணைந்திருந்தது. பேட்டரி மீட்டர் மட்டும் பதின்மூன்று என்று காட்டியது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். காலை பத்து மணி. மனைவி குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய ஆக்சிஜன் மெஷினுக்கு நாள் முழுவதிலும் அந்தக் கால்மணி நேரம்தான் ஓய்வு. விளக்கு, விசிறி, எல்லா சுவிட்சையும் தன் கையாலேயே அணைத்து, இன்வெர்ட்டரை நிறுத்தி, மாடியில் இருக்கும் சோலார் தகடுகளின் இணைப்பையும் பிரித்துவிட்டுத்தான் பேட்டரி அறைக்கு வந்திருந்தான். பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போக வழியே இல்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தது. பதின்மூன்று வாட், ஏறாமல் இறங்காமல்.

லிஃப்ட் மெக்கானிக்காக அவனுக்கு இருபத்தாறு வருட அனுபவம். எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு 'ரெண்டுதடவை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்த இருபத்துநான்கு செல்களையும் அப்படித்தான் சேர்த்தான். இடிக்கப்போகிற எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், கரண்ட் போனால் லிஃப்ட் விளக்கையும் மணியையும் ஓட்டுவதற்காக வைத்திருந்த பெரிய பேட்டரிகள் அவை. ஒவ்வொன்றும் ஆள் முழங்கால் உயரம். வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் ஏற்றி மூன்று வாரம் சும்மா வைத்துப் பார்த்தான். முப்பதில், சும்மா இருக்கும்போதே இறங்கிப்போன ஆறு செல்களைக் கழித்தான். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரப்பர் கையுறை போட்டு, ஸ்பேனரின் பிடி முழுக்க டேப் சுற்றிக்கொண்டுதான் தொடுவான். வாயு தங்காமல் இருக்கச் சுவரில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. ஆசிட் சிந்தினால் கொட்ட ஒரு வாளி சோடா மாவு. கம்பி எதுவும் சூடாகிவிடக் கூடாது என்று ஆளுயரத்தில் ஒரு ஃப்யூஸ். செல்களின் நெற்றியில் சாக்பீஸால் எண் எழுதியிருந்தான். அறையில் எப்போதும் ஈரச் சுண்ணாம்பும் புளிப்பும் கலந்த ஒரு வாசம் இருக்கும்; மதியம் சார்ஜ் ஏறும்போது செல்களுக்குள் குமிழிகள் உடைவது, மூடிய வாய்க்குள் யாரோ முணுமுணுப்பது போலக் கேட்கும். அது அவனுக்குப் பழகிவிட்ட சத்தம்.

இந்தப் பதின்மூன்று பழகாதது. தினமும் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை தெருவில் கரண்ட் இருக்காது. அந்த மூன்று மணி நேரமும் மனைவியின் மூச்சு இந்தப் பேட்டரிகளின் கையில் இருந்தது. பேட்டரி கைவிட்டால் மிச்சம் இருப்பது கட்டில் ஓரத்துச் சின்ன சிலிண்டர். அதற்கு ஆயுள் நாற்பது நிமிடம்.

முதல் சந்தேகம் மச்சினன் மேல். பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவன்; செல்களை ஏற்றி வந்த லாரியும் அவனுடையதுதான். ஃபோனில் கேட்டபோது சிரித்தான்.

"நான் குடுத்ததா? பொண்ணு பாக்குற மாதிரி ஒவ்வொண்ணா தட்டித் தட்டிப் பாத்து எடுத்தது நீங்கதானே மாமா?"

"வர்ற வழியில நல்லதை எடுத்துக்கிட்டு வேற எதையாவது வச்சியா?"

"அக்கா மூச்சுல கை வைப்பேனா மாமா? பேசுறதை யோசிச்சுப் பேசுங்க." அவன் சிரிப்பு நின்றிருந்தது. "வேணும்னா அடுத்த வாரம் புதுசாவே ஒரு செட் பாத்து எடுத்துட்டு வரேன்."

அடுத்த சந்தேகம் மாடியில் குடியிருக்கும் தையல்காரர் மேல். அவர் இல்லாத நேரம் பார்த்து மாடிப்படியின் அடியில் தவழ்ந்து, ஒவ்வொரு கம்பியாகக் கைவைத்துத் தேடினான். திருட்டுக் கம்பி எதுவும் இல்லை. திரும்பும்போது தையல்காரர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எலி என்று சொல்லிச் சமாளித்தான். அவர் நம்பவில்லை.

மனைவியும் நம்பவில்லை. மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தவள், அவன் முழங்கால் அழுக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "என்னங்க, நாலு நாளா ராத்திரி தூக்கமில்ல உங்களுக்கு. பேட்டரி போயிடுச்சா?"

"சேச்சே. கல்லு மாதிரி இருக்கு."

"கல்லுக்கு யாரு இத்தனை தடவை காவல் இருப்பாங்க?"

ஐந்தாவது நாள் கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். மாலை ஐந்து பத்துக்கு எண் துள்ளியது. மெஷினின் பங்கைக் கழித்தால் பதின்மூன்று, சட்டென்று முப்பது, மறுபடி பதின்மூன்று. மூன்று தடவை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தடவை.

லிஃப்ட்டுக்குள் அவசர விளக்கு ஐந்து வாட். சின்ன விசிறி எட்டு வாட். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று அவனுக்குக் கணக்குப் போடத் தேவையில்லை. ஆயிரம் தடவை அளந்த எண் அது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் முப்பதுக்குத் துள்ளும். பயந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் அழுத்துவார்கள். மூன்று தடவை அழுத்திவிட்டு, யாராவது வருகிறார்களா என்று காது கொடுப்பார்கள். பிறகு மறுபடி மூன்று.

அவன் மீட்டரைக் கழற்றி வேறு மீட்டரை மாட்டினான். அதுவும் அதையேதான் சொன்னது.

மறுநாள் மதியம் மச்சினன் நேரில் வந்தான். அக்காவுக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தான். பேட்டரி அறை வாசலில் நின்று பேசியவன் உள்ளே வரவில்லை.

"மாமா, அந்த பில்டிங் வாட்ச்மேன் ஞாபகமிருக்கா? பழைய பட்டாளத்துச் சட்டை போட்டுக்கிட்டு, எல்லாரும் கேப்டன்னு கூப்பிடுவாங்களே."

"ஏன்?"

"அவரு பொண்டாட்டி இன்னும் தேடிக்கிட்டு வருதாம். நாம சாமான் எடுத்த அன்னியிலேர்ந்து ஆளைக் காணோம். காப்பர் வயரைத் திருடிக்கிட்டு ஓடிட்டார்னு எழுதிட்டாங்க." அவன் கழுத்தைச் சொறிந்தான். "பில்டிங்கும் தரைமட்டமாகி ரெண்டு மாசமாச்சு. லிஃப்ட் பள்ளத்தை இடிச்ச கல்லையே போட்டு மூடிட்டாங்க."

அவன் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"நான் கீழ நின்னு கேட்டேன்ல மாமா. லிஃப்ட்டுக்குள்ள பாத்தாச்சான்னு. நீங்க பாத்தாச்சுன்னீங்க."

"பார்த்தேன்."

"ரெண்டு தடவை பாத்திருப்பீங்க. உங்களைத் தெரியாதா" என்றான் மச்சினன். சொல்லிவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அக்காவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

அன்றைக்கு அவன் லிஃப்ட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. காலையிலேயே கட்டடத்தின் மெயின் கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. ஏறிப்போய்க் கதவை நெம்பிப் பார்க்க இருபது நிமிடம் ஆகும். லாரி கிளம்பும் அவசரத்தில் இருந்தது. அவன் அந்தக் கட்டடத்துப் பேட்டரி அறையில் இருந்தபடியே "பாத்தாச்சு" என்று கத்தினான். கீழே அறையில் இருந்த மணியை முந்தைய நாளே பிடுங்கிவிட்டதால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சுவரில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. மூன்று தடவை. இடைவெளி. மூன்று தடவை. கம்பி எங்கோ தளர்ந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையுறையைச் சரிசெய்து, முதல் டெர்மினலைக் கழற்றினான். விளக்கு அணைந்தது. அன்றைக்கு அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்று மணிக்குத் தெருவில் கரண்ட் போனது. மனைவியின் மெஷின் பேட்டரிக்கு மாறி, புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. அவன் பேட்டரி அறையில் உட்கார்ந்தான். வெளியே வெயில் இருந்தும் அறையில் வெளிச்சம் மங்கல். புளிப்பு வாசத்தோடு இன்றைக்கு இன்னொரு வாசமும் இருந்தது. உடைந்த சிமெண்ட், வியர்வை ஊறிய காக்கித் துணி. சுவர்த் துளை வழியாகக் காற்று வெளியே போகவேண்டும். அது உள்ளே வந்தது. முகத்தில் தூசி பட்டது. துடைத்துப் பார்த்தான். சாம்பல் நிறம்.

நான்கரைக்கு, மெஷினின் பங்குக்கு மேலே, துள்ளல் ஆரம்பித்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மூன்று. மூன்று. மூன்று. பிறகு விரலை எடுக்காமல் ஒரே அழுத்தாக. முப்பது. எழுபது. இருநூறு. இன்வெர்ட்டர் கீச்சிட்டது. சார்ஜ் தீரப்போகிறது.

அவன் மனைவியிடம் ஓடினான். மெஷின் குழாயை எடுத்துவிட்டு சிலிண்டர் குழாயை மாட்டினான்.

"அஞ்சே நிமிஷம். பேட்டரியைக் கழட்டி மாட்டிட்டு வந்துடுறேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். "யாருங்க அது, மணி அடிக்கிறது?"

கட்டில் ஓரத்தில் அவளுக்காக ஒரு அழைப்பு மணி வைத்திருந்தான். அதுவும் இதே பேட்டரியில்தான் ஓடியது. அது அடிக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"யாருமில்ல" என்றான்.

அவள் அறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தான். இரண்டு பக்கமும் நகர்கிற கதவு அது. கீல் கதவைத் தள்ளக்கூட அவளுக்கு மூச்சு போதாதென்று, தொழில் புத்தியில், லிஃப்ட் கதவு போலவே செய்து மாட்டியிருந்தான்.

ஃப்யூஸைப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. மீட்டர் இருண்டது. இன்வெர்ட்டர் அடங்கியது.

அமைதி.

செல்களுக்குள் குமிழிகள் நிற்கவில்லை. இருபத்துநான்கு மூடிய வாய்களும் முணுமுணுத்தன. ஃப்யூஸ் அவன் கையில் இருந்தது. அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

மூன்று தடவை.

"வரேன்" என்று கத்தினான். கூடத்தைத் தாண்டினான். அவள் அறைக் கதவு மூடியிருந்தது. இரண்டு பலகைகளும் நடுவில் சேர்ந்திருந்தன. கீழே, இடுக்கு வழியாகச் சாம்பல் தூசி கசிந்து தரையில் பரவியது. மணி மறுபடி அடித்தது. அவன் விரல்களை இடுக்கில் விட்டு நெம்பினான். நகரவில்லை. இன்னும் நெம்பினான். நகம் பெயர்ந்தது. ஒரு சாண் திறந்தது.

உள்ளே மங்கலான மஞ்சள் வெளிச்சம். ஐந்து வாட் விளக்கின் வெளிச்சம். எங்கோ சின்ன விசிறி ஓடியது.

மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய் இல்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கட்டிலை ஒட்டித் தரையில் ஒருவர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, இடமே இல்லாதவர் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துச் சட்டை. தலையிலும் இமையிலும் சிமெண்ட் தூள். சிலிண்டர் குழாய் அவர் மூக்கில் இருந்தது. அவர் இழுத்த இழுப்பில் சிலிண்டரின் முள் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாவங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க. "ரெண்டு மாசமா காத்தே இல்லையாம். நான்தான்... குடுத்தேன்."

அவன் தோளைக் கொடுத்து முட்டினான். கதவு அசையவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் தலை மெதுவாகச் சுவரில் சாய்ந்தது.

தரையில் இருந்தவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். உதட்டில் இருந்த தூசி உதிர, தணிந்த குரலில் கேட்டார்.

"பாத்தாச்சா?"

கதவின் இரண்டு பலகைகளும், அவன் விரல்களை நடுவில் வைத்தபடியே, மெல்ல மூட ஆரம்பித்தன.