பால்கனிக் கதவு

வெளியே வெயில் கொளுத்தினாலும் பழைய தியேட்டரின் பால்கனிக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. கருவிப்பையை இறக்கி வைத்த தச்சர் மனைவியைச் சீண்டினார்.

"உனக்காக பால்கனி மொத்தத்தையும் புக் பண்ணியிருக்கேன்."

"படத்தத்தான் காணோம்." அவள் விளக்கை ஏற்றிக்கொண்டு, கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைக்க உட்கார்ந்தாள்.

பல வருடங்களுக்கு முன் படம் ஓடும்போதே இங்கே தீப்பிடித்தது. பால்கனிக்கு ஒரே வாசல். அதன் கதவோ உள்பக்கமாகத் திறப்பது. கூட்டம் மொத்தமும் அதன் மேல் சாய்ந்ததில், இழுத்துத் திறக்க இடமில்லாமல் அத்தனை பேரும் அங்கேயே கருகிச் செத்தார்கள். இப்போது தியேட்டரைப் புதுப்பிக்கிறார்கள். புதுக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்று எஞ்சினியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் வாசல் நிலையில் பழைய கீல் பதிந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. புதிதாகச் செதுக்கச் சோம்பல்பட்ட தச்சர், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே, உள்பக்கம் திறக்கும்படி கதவை மாட்டினார். நிலையில் படிகிறதா என்று பார்க்க, வெளியே வந்து சாத்தினார்.

கச்சிதமாகப் படிந்தது.

திரும்பத் தள்ளினார். அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளியபோது ஒரு விரற்கடை உள்ளே போய், மெத்தென்று எதிலோ மோதித் திரும்பி வந்தது. இடுக்கில் கருகல் நாற்றம்.

"நீயா பிடிச்சிருக்க? விளையாடாத."

"நான் இல்லங்க." மனைவியின் குரல் கதவை ஒட்டி, மூச்சு முட்டிக் கேட்டது. "பின்னாலேருந்து நெருக்குறாங்க."

"யாரு?"

மறுபக்கம் நகங்கள் பிராண்டின. ஒரு கையின் நகங்கள் அல்ல.

கீல்கள் உள்பக்கம் இருந்தன, கழற்ற வழியில்லை. பதறிப்போனவர், தான் செய்த கதவையே கோடாலியால் பிளந்தார். பலகை பெயர்ந்ததும் மனைவி அவர் மேல் சரிந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் பால்கனி காலியாகக் கிடந்தது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஒண்ணுமில்லம்மா. வெளிய வந்துட்ட."

அவள் அழவில்லை. எதையோ தாங்குவதுபோல் இடது கையை நெஞ்சோடு மடக்கி வைத்திருந்தாள்.

"இவனையாவது வெளிய கொண்டுபோங்கன்னு ஒரு பொம்பள கொடுத்தாங்க," என்று கிசுகிசுத்தாள். "மெதுவா பேசுங்க. இப்பத்தான் தூங்குறான்."

அந்தக் கையில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் தச்சரின் கண்ணில் பட்டது. அவள் தோளில் துணி ஓரிடத்தில் மட்டும், குழந்தையின் கைப்பிடி அளவுக்குக் கசங்கிச் சுருண்டிருந்தது. அதை நீவிவிடப் போனார்.

அது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.