அருவிக்கு முதுகு காட்டி

அவன் வாயே திறக்கவில்லை. பள்ளத்தாக்கின் முதல் காட்சி மேடையில் கேமராவைக் கண்ணில் வைத்து லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அதற்குள் மனைவி ஓர் அடி பின்னால் நகர்ந்து, முதுகு கம்பித் தடுப்பில் முட்ட நின்றாள்.

"எதுக்கு நகர்ந்த?"

"நீங்கதான சொன்னீங்க, இன்னும் கொஞ்சம் பின்னாடின்னு."

"நான் எங்க சொன்னேன்?"

"சொல்லிட்டு இல்லைங்கறது உங்களுக்கு என்ன புதுசா?"

அவன் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவன். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அலைந்துவிட்டு, சொந்த மனைவியை வெளியூர் கூட்டி வர இத்தனை வருஷம் ஆகியிருந்தது. கேமராவைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருந்தான். காரின் டிக்கியிலிருந்து அந்தக் கறுப்புப் பை வெளியே வந்தபோது அவள் முகம் சுண்டிப்போனது. வாசலில் சீட்டைக் கிழித்த வனக் காவலரிடம்கூட, "எங்களுக்கு மூணு டிக்கெட் போட்டிருக்கணும் சார், இவரோட முதல் சம்சாரமும் வந்திருக்கா" என்று பையைக் காட்டிச் சொன்னாள். காவலர் சிரிக்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒருவழிப் பாதை. கடைசி அருவியைத் தாண்டினாத்தான் வெளிய போற வழி" என்றார்.

இருந்தாலும் அவன் நிற்கச் சொன்ன இடத்தில் அவள் நின்றாள். அது அவர்களுடைய தொழில் பழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருவதற்குமுன், வெளிச்சம் பார்க்க அவர்களுடைய இடத்தில் அவள்தான் நிற்பாள். அவன் சொல்லச் சொல்லப் பின்னால் நடப்பாள். தலையைத் திருப்பினால் முகத்தில் விழும் நிழல் மாறிவிடும் என்பதால், "நீ பின்னாடி பாக்காத, நான் பாத்துக்கறேன்" என்பது அவன் போட்டிருந்த சட்டம். மேளச் சத்தத்தில் குரல் எடுபடாத இடங்களில் கை பேசும். உள்ளங்கையைக் காட்டினால் பின்னால் போ. விரல்களை மூடி முஷ்டி பிடித்தால் போதும், நில். வயரில் இடறியோ படியில் சறுக்கியோ அவள் ஒருநாளும் விழுந்ததில்லை. குழம்புக்கு உப்புப் போடக்கூட அவனை நம்பாதவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து அழகு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இருபக்கமும் செங்குத்தாக இறங்கிய கரும்பாறை, மதிய வெயிலைப் பாதியிலேயே தடுத்து நிறுத்திவிட்டுக் கீழே இருட்டை வைத்துக்கொண்டிருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, பிழியாமல் மூட்டை கட்டிப் போட்ட ஈரத்துணியின் வாடையோடு ஒரு குளிர் ஏறி வந்து சட்டைக்குள் புகுந்தது. பறவைச் சத்தம் இல்லை. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அருவி மட்டும் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. வந்தவர்களை அந்த இடத்துக்குப் பிடிக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டாவது காட்சி மேடையில் தடுப்புக் கம்பி இடுப்பு உயரம்தான். அங்கே எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். மனைவியின் தோளுக்குப் பின்னால், கம்பிக்கு வெளியே, வெறும் காற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. லென்ஸில் ஈரம் படிந்திருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். கறை போகவில்லை. தோளை நெருங்கியிருந்தது. அதோடு, அவன் நிறுத்திய இடத்திலிருந்து அவளும் பின்னால் போயிருந்தாள்.

"இப்பவும் நான்தான் சொன்னேனா?"

"ஆமா. காதுகிட்ட வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு." பிறகுதான் அவன் நிற்கும் தூரத்தைக் கவனித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏங்க, அங்கேருந்தா சொன்னீங்க?"

அவன் கேமராவைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தான். "போதும், வா. வந்த வழியே போயிடலாம்."

"கேமராவ நீங்களே உள்ள வெக்கறீங்களா? இன்னைக்கு மழைதான்" என்றாள். கேலி செய்தாலும் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

பாதையின் முதல் வளைவில் அவர்கள் சுலபமாகத் தள்ளிக்கொண்டு வந்த சுழல் கம்பிக் கதவு, இந்தப் பக்கமிருந்து அசையவில்லை. உலுக்கினான். உதைத்தான். "சார்! காவலர் சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். எதிர்ப்பாறை அந்தச் சத்தத்தைத் திருப்பிக்கூடத் தரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டது. இனி அருவி வழியாகப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

படிகள் பாசியேறி வழுக்கின. முன்னால் போன குடும்பங்களின் பேச்சு கீழேயிருந்து கேட்டது, ஆனால் எந்தத் திருப்பத்திலும் ஆள் தெரியவில்லை. இறங்க இறங்க அருவியின் உறுமல் கல்யாண மண்டபத்தின் இரைச்சலாக மாறியது. நாற்காலி இழுபடுவதும், யாரோ யாரையோ கூப்பிடுவதும், குழந்தை ஒன்று விடாமல் அழுவதும் அதற்குள் பிரிந்து பிரிந்து கேட்டன. அந்த இரைச்சலின் நடுவே, இந்த முறை அவன் காதிலும் விழுந்தது. வீடியோவில் கேட்கும்போதெல்லாம் அவனுக்கே பிடிக்காத அந்த மூக்கடைத்த குரல். அவனுடைய குரல்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி."

அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். "என் குரல் கேட்டா நிக்காத. நான் எதுவும் சொல்ல மாட்டேன். என்ன கேட்டாலும் அது நான் இல்ல."

"பயமுறுத்தாதீங்க" என்றாள். அவள் கை சில்லிட்டிருந்தது. இவளைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய்விட்டால் போதும், இந்தக் கேமராவை விற்றுவிடலாம் என்று நினைத்தான். மனதார நினைத்தான்.

பாதை ஒரு பாறைப் பிளவுக்குள் நுழைந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால் அவளை முன்னால் விட்டான். தோளில் இருந்த பை பாறையில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து விடுவிக்க ஒரு கை போதவில்லை. அவள் மணிக்கட்டை விட்டான். ஒரு நொடிதான்.

பை வந்தது. அவன் வெளியே வந்தான்.

வழவழப்பான பாறைத் திட்டு. விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சங்கிலி. அதற்கப்பால் வெள்ளையாகச் சாரல். அருவிக்கு முதுகு காட்டி அவள் நின்றுகொண்டிருந்தாள். முகவாய் லேசாகத் தூக்கியிருந்தது. ஒரு தோள் முன்னால். அவன் சொல்லிக்கொடுத்தபடியே.

பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லு!"

கேட்கவில்லை. அவள் கண்கள் அவனையே பார்த்தன. பயத்தில் நனைந்த கண்கள். உதடு மட்டும் அசைந்தது. இன்னுமா?

"நில்லுடி!"

அருவி அதையும் தின்றது. அவன் ஓடினான். வழுக்கியது. முட்டி பாறையில் மோதியது. விழுந்தபடியே கையைத் தூக்கினான். எந்த மனிதனும் செய்வதுபோல, உள்ளங்கையை விரித்து அவளை நோக்கிக் காட்டினான்.

அவள் தலையாட்டினாள்.

சங்கிலியைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். மறு காலையும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விரல்களை மூடினான். நகம் உள்ளங்கையில் பதிய மூடினான். சாரல் அவள்மேல் கவிந்துவிட்டது.

அலறல் கேட்கவில்லை. விழுந்த சத்தமும் இல்லை. சங்கிலிவரை தவழ்ந்து போய்க் கீழே பார்த்தான். வெள்ளை. மேலே பார்த்தான். வெள்ளை. அவளைக் கூப்பிட்டான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பிறகு, வேறெதுவும் தெரியாத கைகள் பையைத் திறந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தான். லென்ஸைத் திருகினான்.

சாரல் விலகியது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் ஒன்றுமே இல்லை. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. சிமிட்டாத கண். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆட்கள், உயரமானவர்கள் மேலே, குட்டையானவர்கள் கீழே, கல்யாணக் குழுப் படத்துக்கு நிற்பதுபோல. சாம்பல் நிற முகங்கள். தொப்பி வைத்தவர்கள். தோளில் பையோடு நிற்பவர்கள். கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்த ஒருத்தி. அருவி அவர்களுக்குள் புகுந்து கொட்டிக்கொண்டிருந்தது.

முன்வரிசை அசைந்தது. நெருக்கியடித்து ஒதுங்கினார்கள். அவளுக்கு இடப்பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.