கரையைத் தாண்டிய புள்ளிகள்

பொரித்த மீன் தின்ற விரலால் ராடர் திரையைத் தொட்டது யோகலிங்கம்தான். கொட்டிலுக்குள் வேறு ஆளே இல்லாததால் பழியை யார் தலையிலாவது போடவும் வழியில்லை. கண்ணாடியில் விழுந்த எண்ணெய்த் தடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தான். எண்ணெய் போயிற்று. அதோடு, விரிவுரையாளர் பரமலிங்கம் மெழுகுப் பென்சிலால் கண்ணாடியில் வரைந்திருந்த வட்டங்களும் போயின.

அந்த வட்டங்கள் இல்லாவிட்டால் ராடர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மாதா கோயில் கோபுரம், பனங்கூடல், கடலுக்குள் தரைதட்டிக் கிடக்கும் பழைய இரும்புக் கப்பல் எல்லாம் திரையில் எந்நாளும் அசையாமல் ஒளிர்பவை. அவற்றைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார்கள். வட்டத்துக்குள் தெரிவதைப் பார்க்கத் தேவையில்லை. வெளியே தெரிந்தால்தான் மழை. பரமலிங்கம் ராடரை உதவியாளன் யோகலிங்கத்திடம் விட்டுவிட்டுப் பேராதனைக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் சமாளித்துவிடலாம் என்று, அந்த நேரம் திரையில் ஒளிர்ந்ததையெல்லாம் சுற்றி யோகலிங்கம் தானே வட்டம் போட்டான். கப்பலின் வட்டம் கொஞ்சம் பெரிதாக வந்தது. வட்டம் கீறப் பள்ளிக்கூடத்திலேயே தனக்கு வராது என்று பெருந்தன்மையோடு தன்னை மன்னித்துக்கொண்டான்.

கொட்டிலின் வாசலில் பல்கலைக்கழகத்தின் மழை ஆராய்ச்சி நிலையம் என்ற பலகை, கொட்டிலைவிடப் பெரிதாக நின்றது. முல்லைத்தீவுக் கரையின் மீனவர்கள் அந்தப் பலகைக்கு மரியாதை வைத்திருந்தார்கள். அதனால்தான் அவர்களில் ஒருவரான கிறிஸ்தோப்பர் வந்து, கறுப்புத் திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினார்.

"தம்பி, கிழக்கால கொஞ்சம் கறுத்துக் கிடக்கு. வள்ளங்களை இறக்கலாமோ?"

உருத்திரபுரத்து வயற்காரனின் மகன், குளத்தில்கூட முழங்காலுக்குமேல் இறங்காத யோகலிங்கம், கடலோடிக்குக் கடலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னான். "வட்டத்துக்கு வெளியில ஒண்டுமில்லை அண்ணை. போங்கோ. மீன் பட்டால் என்னை மறந்திடாதேங்கோ."

"உங்களை மறக்க விடுவாளே என்ரை மனிசி? யூலிற்றா எனக்குப் பொரிக்கிறதையே உங்களுக்கெல்லோ கட்டித் தாறாள்."

சிரித்தபடி போனார். வள்ளங்கள் எல்லாம் இறங்கின.

டீசலை மிச்சம் பிடிக்க ராடரை நிறுத்திவிட்டு யோகலிங்கம் படுத்தான். எழுப்பியது காற்று. கூரைத் தகரம் ஆணியோடு மல்லுக்கட்டிக் கிரீச்சிட, மணல் சுவரில் கைப்பிடி கைப்பிடியாக வந்து விழ, எங்கோ ஒரு மாடு கத்தக் கத்த அதன் குரலைக் காற்றுத் தின்றுகொண்டிருந்தது. மின்சார எஞ்சின் பார்க்கும் ஸ்ரீபனைக் கூப்பிட்டு ராடரைப் போட்டான். சுற்றும் ஒளிக்கோடு ஒருமுறை சுற்றிவந்தது. அவன் கீறிய பெரிய வட்டத்துக்குள் கப்பல் மட்டும் ஒரு பொட்டாக இருந்தது. முன்பு அதோடு சேர்ந்து ஒளிர்ந்த மிச்சம் இப்போது பாதித் திரையை மூடியிருந்தது.

கப்பலோடு சேர்த்து ஒரு புயலின் தலைக்கும் அவன் வட்டம் போட்டிருந்தான்.

பொழுதுபடும் நேரம் காற்று ஓய்ந்தது. கரையில் பெண்கள் அரிக்கன் லாம்புகளோடு நின்றார்கள்.

"வள்ளங்கள் வந்திட்டுதோ?" என்று ஸ்ரீபனைக் கேட்டான்.

"வரும்தானே சேர்."

வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கேட்டான்.

"மாதா பாத்துக்கொள்ளுவா தம்பி" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

திரும்பி வந்து திரையின் முன் குந்தினான். யூலிற்றா ஈரச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, உந்தக் கண்ணாடிக்குள்ள எங்கடை ஆக்கள் தெரியினமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தான். கப்பலுக்கு அருகே கடலில் சின்னப் புள்ளிகள், வரிசையாக. இந்தப் பழைய ராடருக்கு மரவள்ளம் தெரியாது; அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் புள்ளிகளோ இரும்பைப்போல ஒளிர்ந்தன. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபோது வாய் தானாகச் சொல்லிற்று.

"வருகினம் அக்கா."

அவள் மற்றப் பெண்களைக் கூப்பிட்டபடி கரைக்கு ஓடினாள். வாழ்நாளில் அவன் சொன்ன பொய்களில் அதுதான் மிகவும் நல்ல பொய் என்று நினைத்துக்கொண்டான்.

கோடு சுற்றியது. புள்ளிகள் கிட்ட வந்திருந்தன. மண்ணெண்ணெய் மணத்துக்குள் இன்னொரு மணம் ஏறியது. வலையில் சிக்கி அழுகும் கடற்பாசியின் மணம். அடுத்த சுற்று. இன்னும் கிட்ட. வள்ளம் அலையில் ஆடும், விலகும், பிந்தும். இவை ஆடவில்லை. நடக்கிற ஆட்களைப்போல ஒரே சீராக வந்தன.

எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மணலில் ஸ்ரீபன் ஓடும் சத்தம் கேட்டது. ஒருமுறைகூட அவன் திரும்பிக் கூப்பிடவில்லை.

ஒளிக்கோடு நின்றது.

புள்ளிகள் நிற்கவில்லை.

மின்சாரம் இல்லாத கண்ணாடியில், பச்சையாக, அவை கரையைத் தொட்டன. கரையில் பெண்கள் நிற்கும் இடம். அங்கே நிற்கும் என்று பார்த்தான். நிற்கவில்லை. கரையைத் தாண்டின. மாதா கோயில் வட்டத்தைத் தாண்டின. திரையின் நடுவை நோக்கி வந்தன. நடுவில் இருப்பது இந்தக் கொட்டில்.

துணியை எடுத்துத் துடைத்தான். வட்டங்கள் அழிந்தன. புள்ளிகள் அழியவில்லை.

எழுந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். வெளியே காற்றில்லை. அலையில்லை. ஈரமணலில் கால்கள் புதையும் சத்தம். பல கால்கள்.

பிறகு அதுவும் இல்லை.

கதவில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி." யூலிற்றாவின் குரல். மீன் கொண்டு வரும்போது கூப்பிடுகிற அதே பதமான குரல்.

"அக்கா... ஆக்கள் வந்திட்டினமோ?"

"ஓம்."

"எல்லாருமோ?"

"எல்லாரும்தான். எங்களை ஆரெண்டும் பாக்கேல்லை. நேரை இஞ்சைதான் வந்தவை."

கதவின் கீழிடுக்கால் தண்ணீர் உள்ளே வந்து அவன் கால்விரல்களை நனைத்தது. கடல்நீர். அதில் மணல் இருந்தது. அவனுக்குக் கேட்க விருப்பமில்லை. கேட்டான்.

"உயிரோடையோ அக்கா?"

"இல்லைத் தம்பி" என்றாள் அவள். "கதவைத் திறவுங்கோ. பாவங்கள், நனைஞ்சுபோய் நிக்கினம்."