அவரவர் நின்ற இடம்

மூன்று பேரும் பேட்டியில் ஒரே இடத்தில்தான் நிறுத்தி மூச்சு விட்டார்கள். "சூனியக்காரின்னு சொல்லி அடிச்சாங்க." ஒரு நிறுத்தம். பிறகு, "அப்ப எங்கேயோ ஒரு நாய் தும்முச்சு."

இருபது வருடங்களுக்கு முன் அந்தத் தெருவில் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றிருந்தார்கள். அதைப் பார்த்தவர்களைப் பேட்டி எடுப்பதுதான் ஆய்வு மாணவிக்கு முதல் பயிற்சி. தையல்காரர், மரக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸம்மா என்று தனித்தனியாகக் கேட்டும், அந்தத் தும்மல் ஒரு சொல்கூட மாறாமல் மூன்று குரலிலும் வந்தபோது அவள் தன் பேராசிரியைக்கு போன் செய்தாள்.

ஒரே மாதிரி சொன்னால் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றார் அவர். சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய் அவரவர் நின்ற இடத்தில் நிற்கவைத்துப் படம் வரையச் சொன்னார்.

மறுநாள் மாலை, அந்தக் கொலை நடந்த இடமான, மரக்கடைக்குப் பின்னாலிருந்த காலி மனைக்கு மூவரும் மறுபேச்சில்லாமல் வந்தார்கள். ஈர மரத்தூளின் புளித்த வாடை மூக்கில் ஏற, கடைக்குள் ரம்பம் எதையோ விடாமல் அறுத்துக்கொண்டிருக்க, தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்ன அந்த மூவரும் ஒருவரையொருவர் கேட்காமலேயே, கை நீட்டினால் தொடும் நெருக்கத்தில் வட்டம் கட்டி நின்றார்கள். அவள் பென்சில் நின்றது. வேடிக்கை பார்த்தவர்கள் அங்கே நின்றிருக்க முடியாது.

"நடுவுல ஆள் இல்லாம எப்படிம்மா சரியா வரும்? நீ நில்லு" என்றார் மரக்கடைக்காரர்.

ஓடினால் தனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். நின்றாள்.

ரம்பம் ஓய்ந்தது.

நர்ஸம்மா அவள் மூக்குக்கண்ணாடியைப் பதமாகக் கழற்றினார். "உடைஞ்சா கண்ணுல குத்திடும், கண்ணு."

எல்லாம் மங்கியது. வரைந்தாயிற்று, போதும் என்றாள். யாரும் நகரவில்லை.

தையல்காரர் அவள் பின்னலைக் கையில் சுற்றினார், நூல் சுற்றுகிற பக்குவத்தில். இழுத்தார். வானம் தெரிந்தது.

மரக்கடைக்காரர் கையிலிருந்த கட்டை அவள் முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வேறு யாருடையதோ போலக் கேட்டது. அடுத்தது வாயில். நாக்கில் பல். ரத்தம். மரத்தூள். அலறினாள். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"முதல்ல முட்டி இல்ல, தோள்" என்று திருத்தினார் தையல்காரர்.

தோள்.

பிறகு விலா.

நர்ஸம்மா பக்கத்தில் குந்தி, அவள் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, கண்மூடிக் காத்திருந்தார்.

"இன்னும் இருக்கு" என்றார்.

மரக்கடைக்காரர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கட்டையை மறுபடி எடுத்தார்.