உள்பக்கம் வைத்த பலகை

அவன் பலகையை இரண்டு முறை தட்டினான். மூன்று முறை கேட்டது.

பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தட்டியது. பிடிக்காத இடம் பொத்தென்று சொல்லும், பிடித்த இடம் கெட்டியாகச் சொல்லும். இரண்டு தட்டும் கெட்டியாகத்தான் சொல்லின. மூன்றாவது, அவன் விரலை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்ட பிறகு, அவன் செய்துகொண்டிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் உள்ளே எங்கோ ஆழத்திலிருந்து, அவசரமே இல்லாமல் வந்தது. எதிரொலி என்று முடிவு செய்தான். உள்ளே மூன்று மடிப்பு இருக்கிறது, ஒன்பதடி நீள வழி இருக்கிறது, ஒரு சத்தம் வழிதவறிச் சுற்றிவிட்டு வந்திருக்கும். இயற்பியல் படித்தவனுக்குப் பயம் கிடையாது என்பது அவன் கல்லூரி நாளிலிருந்து வைத்திருக்கும் கொள்கை. பயம் இல்லாத காரணத்தால் அன்று அவன் வேறு எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

கூடத்து மூலையில் நெஞ்சளவு உயரத்துக்கு நின்றது அது. மேலே பின்பக்கம் ஒரு சிறிய துளை. அதில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். அங்கிருந்து மரப்பாதை ஒன்று கீழே இறங்கி, மடங்கி, மேலே ஏறி, மறுபடி மடங்கி, போகப்போக அகன்றுகொண்டே வந்து, முன்பக்கம் தரையை ஒட்டி ஒரு பெரிய வாயாகத் திறந்தது. ஹார்ன் பெட்டியின் தத்துவமே அதுதான். குறுகிய முனையில் ஒரு கிசுகிசுப்பு போதும். இந்தப் பக்கம் வீடே கேட்கும்.

"ஸ்பீக்கர்னு சொல்லிட்டு பீரோ பண்ணி வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "உள்ள ஒரு ஆளையே குடிவைக்கலாம் போல. உங்க பெரிய மனுஷன் எப்ப வாயைத் திறப்பாரு?"

"ஞாயித்துக்கிழமை. அக்கா வரட்டும்."

"அண்ணி பாவம். அப்பா ரூமைப் பாக்க வர்றவங்களை இதைப் பாக்க வச்சிடுங்க."

அவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடங்களில் சரியாகச் சிரிப்பவன் என்று அவனுக்குப் பெயர்.

அப்பா ரூம் என்று இப்போது ஒன்று இல்லை. இருந்தபோதும் அது கூடத்தின் பாதிதான். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் கூடத்தின் நடுவே அவன்தான் பிளைவுட் தடுப்பு ஒன்று போட்டான், அப்பாவுக்கு அமைதி வேண்டும் என்று சொல்லி. அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது. வலது கை கொஞ்சம் அசைந்தது, அதில் ஒரு தடித்த மோதிரம். அக்கா ஊரிலிருந்து வந்து பத்து நாள் இருந்து ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். ஒரு தட்டு என்றால் மணி என்ன. இரண்டு என்றால் மின்விசிறி. மூன்று என்றால் தண்ணீர். நான்கு என்றால் தம்பியைக் கூப்பிடு, அதாவது அவனை. பெரிய எழுத்தில் எழுதித் தடுப்பில் ஒட்டினாள். அப்பா கட்டிலில் படுத்தபடியே மோதிரத்தால் தடுப்பைத் தட்டுவார். ஒரு நாளைக்கு முப்பது முறை, நாற்பது முறை. தடுப்புக்கு இந்தப் பக்கம் அவனுடைய நாற்காலியும் ஆம்ப்ளிஃபயரும்.

எட்டு மாதம் முன்பு அப்பா போனார். தடுப்பைக் கழற்றினான். நல்ல பலகை, வளையாத பலகை. வீணாக்க மனம் வரவில்லை.

"சார், இந்த ஒரு பலகைல குழி குழியா இருக்கே" என்று அறுத்துக்கொடுத்த கார்ப்பென்டர் கேட்டார். பிறைப்பிறையாக, கட்டில் உயரத்தில், நூற்றுக்கணக்கான சின்னப் பள்ளங்கள். "புட்டி வச்சு மூடிரட்டுமா?"

"வேண்டாம். உள்பக்கம் போயிடும்."

"உள்ள எங்க?"

"எங்கயாவது, யார் கண்ணுக்கும் படாத இடமா."

அப்படி ஒரு இடம்தான் இருந்தது. மேலே, மிகக் குறுகிய முனையில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே. பள்ளங்கள் உள்ளே பார்க்கும்படி அவனே வைத்து, பசை தடவி, பன்னிரண்டு திருகாணி போட்டு முடுக்கினான். எந்தச் சின்னச் சத்தமும் பெரிதாகிற முனையில், உலகத்துக்குக் காட்ட விரும்பாத ஒரே பலகையை. அவனைப்போல் படித்தவனால் மட்டுமே செய்ய முடிந்த வேலை.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அது தானாகத் தட்டியது. மூன்று. மேலே, அந்த முனையில். பசை காயும்போது மரம் இழுக்கும் என்று மனைவியிடம் சொன்னான், அவள் கேட்காமலேயே. புதன்கிழமை அதே நேரம் மறுபடி மூன்று. இந்த முறை சத்தம் முதல் மடிப்பைத் தாண்டி இறங்கியிருந்தது. வியாழக்கிழமை அடைப்புப் பஞ்சை வாய் வழியாகக் கைக்கு எட்டிய வரை திணித்தான். வெள்ளிக்கிழமை காலை பஞ்சு முழுவதும் வெளியே தரையில் கிடந்தது, கசங்கி, லேசாக ஈரமாக. குனிந்து எடுத்தபோது மரப்பசையின் புளித்த வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்தது: எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் திறக்காத, அப்பாவின் முதுகுவலித் தைலம்.

பெட்டியைக் கழற்றலாம் என்று திருப்புளியை எடுக்கப் போனான். அளவு நாடாவைத்தான் கடைசியில் கையில் எடுத்தான், ஏனென்று தெரியவில்லை. தரையில் கட்டிலின் கால்கள் அழுத்திய நான்கு தடங்கள் இன்னும் இருந்தன. அங்கிருந்து தன் நாற்காலி வரை அளந்தான்.

ஒன்பதடி.

அப்பா போன அன்றைக்கு நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நடந்தது சின்ன விஷயம். சாயங்காலம், மனைவி கடைக்குப் போயிருந்தாள், அவன் ஒரு வயலின் இசைத்தட்டைப் போட்டிருந்தான். மூன்று தட்டு வந்தது. தட்டின் இந்தப் பக்கம் முடியட்டும் என்று ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகி ஒலியை ஒரு கோடு கூட்டினான். மறுபடி மூன்று. இன்னொரு கோடு. மறுபடி மூன்று, கொஞ்சம் மெதுவாக. இன்னொரு கோடு. கடைசியாக நான்கு வந்தது. அதைக் கேட்டான். நன்றாகவே கேட்டான். அதற்கும் ஒரு கோடு. இசைத்தட்டு முடிந்து ஊசி கரகரத்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. அப்பாடா என்று நினைத்தான். அந்த வார்த்தையைத்தான் நினைத்தான்.

காரியங்கள் முடிந்த அன்று அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கடைசியா ஏதாவது தட்டினாராடா?"

"இல்லக்கா. தூக்கத்துலயே."

"நீ பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க" என்று அவள் அழுதாள். அவனும் அழுதான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் உறவுக்காரர் எல்லோரிடமும் சொன்னாள், இன்னமும் சொல்கிறாள். அதற்குப் பிறகு அவனால் அவளோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் போனில் பேச முடிந்ததில்லை. அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. யார் தெரிந்துகொண்டாலும் அவள் கூடாது.

சனிக்கிழமை தட்டு கடைசி மடிப்புக்கு வந்துவிட்டது. கூடவே ஏதோ இழுபடும் சத்தம். ஒரு பக்கம் மட்டும் அசைகிற ஒன்று, பலகைமேல் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வருவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏண்டா, ஸ்பீக்கர் செய்யறேன்னு கழுதைக்குக் கொட்டில் கட்டியிருக்க?"

"அதேதான் அண்ணி நானும் சொன்னேன்" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். மனைவி தேநீர் போட உள்ளே போனாள். அக்கா அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் பாட்டைப் போட்டுவிட வேண்டும், சத்தமாக, எதுவும் கேட்காதபடி. ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வயர் முனைகளைக் கையில் எடுத்தான். ஒரு முனை ஆம்ப்ளிஃபயரின் துளைக்குள் போகவில்லை.

டக். டக். டக்.

அக்கா நிமிர்ந்தாள்.

அவன் கை போனது. அவன் அனுப்பவில்லை, அதற்கு வழி தெரியும். ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பிடித்து ஒரு கோடு கூட்டியது.

டக். டக். டக். பெரிதாக.

இன்னொரு கோடு.

டக். டக். டக். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வயர் உன் கையிலதானடா இருக்கு" என்றாள் அக்கா. இடது கையில் வயரின் இரண்டு முனைகளும் இருந்தன. வலது கை குமிழில் இருந்தது. அவள் அந்த வலது கையையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறியது.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

அவன் வாயைத் திறந்தான். கை இன்னொரு கோடு கூட்டியது.

டக். டக். டக்.

"தண்ணி கேக்கறாரு" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் தேவலை. எழுந்து மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பெட்டியின் முன்னே மண்டியிட்டாள். "இந்தாப்பா" என்று டம்ளரை வாய்க்குள் இருட்டில் தள்ளினாள்.

டம்ளர் நகரும் சத்தம். அவள் கை வெளியே வந்த பிறகும் நகர்ந்தது.

பிறகு குடிக்கும் சத்தம். ஒவ்வொரு மடக்கும். வீடு முழுக்க. எட்டு மாதத் தாகம். முடியவே இல்லை. சமையலறையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. மனைவி வெளியே வரவில்லை.

டம்ளர் உருண்டு வந்தது. காலி. விளிம்பில் தைலத்தின் பிசுக்கு.

அமைதி.

வேண்டாம் என்று நினைத்தான். மூன்றோடு நிற்கட்டும்.

டக். டக். டக்.

டக்.

குமிழ் கடைசிக் கோட்டில் நின்றது. அதற்கு மேல் அது திரும்பவில்லை.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக அவனுக்கும் தெரிந்தது: கடைசி மடிப்பின் விளிம்பைப் பிடித்திருந்த நான்கு விரல்கள், அவற்றில் ஒன்றில் தடித்த மோதிரம்.

"நாலு" என்றாள் அக்கா. மண்டியிட்டபடியே ஓரமாக நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டாள்.